ஐந்து மணிக்கு வந்த மரம்

வாலு வீட்டில் போன், கடிகாரம், விளக்கு எல்லாமே ஒரே கம்பெனி. ஒன்றைத் தொட்டால் மற்றது எரியும், பாடும். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

வகுப்பு நாடகத்துக்கும் அந்தக் கம்பெனி ஆப்பிலேயே குழு தொடங்கினாள். வசனம், பாட்டு, படம் எல்லாம் நொடியில் எல்லோருக்கும் போய்விடும்.

மரமாக நடிக்கும் குருவிக்கு மட்டும் போகாது. வாலுவின் உயிர்த்தோழியான அவள் வீட்டில் வேறு கம்பெனி போன். அதில் அந்த ஆப் ஏறவே ஏறாது.

"நான் நேர்ல வந்து சொல்லிடுறேன்டி" என்றாள் வாலு. தவறாமல் சொல்லியும் வந்தாள்.

நாடகத்தன்று வகுப்புகளுக்கு விடுமுறை. ஐந்து மணி நாடகம் நான்கு மணிக்கு மாறியது. வாலு உடனே குழுவில் போட்டாள். பத்துப் பேர் கட்டைவிரல் காட்டினார்கள். எல்லோருக்கும் சொல்லியாச்சு என்று சாப்பிடப் போனாள்.

மேடை ஏறியபோதுதான் மரத்தைக் காணோம் என்று தெரிந்தது. "மரம் இல்லாமலே ஆரம்பிங்க" என்றார் டீச்சர்.

ஐந்து மணிக்குக் குருவி வந்தாள். தலையில் பச்சை அட்டை இலைகள். கூடவே, அரைநாள் லீவு போட்ட அவள் அம்மா. பள்ளி அரங்கில் காவலாளி நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சு போச்சாம்மா?" என்று குருவி அம்மாவிடம் கேட்டாள். வாசலில் நின்ற வாலுவின் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் வாலு குழுவில் எழுதினாள்: "எல்லா போன்லயும் ஓடுற ஆப்புக்கு மாறலாமா?"

"நம்ம படமெல்லாம் போயிடுமே!"

"ஒருத்திக்காகவா?"

கோபம் வந்தது. ஆனால் நேற்றுவரை அவளும் இந்தக் கூட்டத்தில் ஒருத்திதானே? குழுவை விட்டு வெளியேறினாள். மூன்று மாதப் படங்களில் ஒன்றுகூட அவளோடு வரவில்லை.

நேராகக் குருவி வீட்டுக்குப் போனாள். "ஆன்ட்டி, நாடகம் பாக்குறீங்களா?"

ராஜா, ஆடு, விறகுவெட்டி எல்லாம் வாலுதான். ஆடு கத்த வேண்டிய இடத்தில் ராஜா கத்தினார். அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

இலைகளை மாட்டிக்கொண்டு வந்து நின்ற மரம் மட்டும் சிரிக்கவில்லை. தன் ஒரே வசனத்தை வாலுவைப் பார்த்தே சொன்னது. "என் நிழல்ல உக்காந்துட்டு என்னையே வெட்டுறியா?"

வாலுவுக்கு அடுத்த வசனம் மறந்துபோனது. "மன்னிச்சுடுடி" என்றாள்.

"நேத்துன்னா எல்லாரும் கைதட்டியிருப்பாங்கல்ல?"

"ஆமா."

குருவி தலையிலிருந்த இலைகளைக் கழற்றினாள்.

"இது கிழிஞ்சிருக்கு. அந்தப் பக்கம் பிடி, ஒட்டணும்."

வாலு பிடித்துக்கொண்டாள்.