ஜஸ்டின் அண்ணனின் ஐந்து நிமிடங்கள்

முகப்பேர் பேருந்து நிறுத்தத்தில் ஆவடி பஸ் வந்து நின்றது. எல்லாரும் ஏறினார்கள். ஜஸ்டின் மட்டும் ஏறவில்லை. அடுத்த பஸ் வந்தபோது பெட்டிக்கடைப் பக்கம் ஒதுங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பள்ளிக்கு நடந்து போய்க்கொண்டிருந்த ரோஷினி இதைப் பார்த்துவிட்டாள். அவள் ஐந்தாம் வகுப்பு. ஜஸ்டின் அவளுடைய அண்ணன். ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏண்ணா பஸ் ஏறல?"

அண்ணனின் முகம் வெளுத்துப் போனது. "நீ ஸ்கூலுக்குப் போ. அம்மாகிட்ட சொல்லிடாத."

"காய்ச்சலா?"

"இல்ல. இன்னைக்குப் பேச்சு வகுப்பு."

ஜஸ்டின் கல்லூரியில் முதல் ஆண்டு. இந்த வருடம் எல்லா மாணவர்களும் மேடைப்பேச்சு வகுப்பில் சேர்ந்தே ஆக வேண்டுமாம். ஆளுக்கு ஐந்து நிமிடம், அறுபது பேருக்கு முன்னால் பேச வேண்டும். பேசாவிட்டால் தேர்வு எழுத முடியாது.

"மெக்கானிக்கல் படிக்க வந்தவனை மேடை ஏறச் சொன்னா என்ன நியாயம்?" என்றான் ஜஸ்டின். "வர்ற திங்கள்தான் கடைசி வாய்ப்பு. நான் போகமாட்டேன். படிப்பையே விட்டுடப் போறேன்."

அது நியாயமா இல்லையா என்று ரோஷினிக்குத் தெரியவில்லை. அண்ணன் பயந்துபோயிருக்கிறான் என்பது மட்டும் தெரிந்தது.

அன்று வகுப்பில் அவளுக்கு எதுவும் ஓடவில்லை. அப்பா அமல்ராஜ் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். "எங்க வீட்ல முதல்ல காலேஜ் போறது எம் புள்ளதான்" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வார். அவரிடம் யார் இதைச் சொல்வது?

சாயங்காலம் அண்ணனிடம் போனாள். "எங்க முன்னாடி ஒரு தடவை பேசிப் பாருண்ணா. நாங்க சின்னப் பசங்கதானே?"

சனிக்கிழமை மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில், குடியிருப்புப் பிள்ளைகள் ஆறு பேர் உட்கார்ந்தார்கள். ஜஸ்டின் எதிரே நின்றான்.

"எல்லாருக்கும் வணக்கம்."

அவ்வளவுதான். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கையிலிருந்த காகிதம் படபடவென்று ஆடியது. நெற்றியிலிருந்து வியர்வை வழிந்தது.

பக்கத்து வீட்டுத் தமிழரசு சும்மா இருக்கவில்லை. "இன்னாண்ணே, நெட்வொர்க் போச்சா?" என்றான். எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

ஜஸ்டின் விடுவிடுவென்று படி இறங்கிப் போனான்.

ரோஷினிக்குப் பகீரென்றது. உதவப் போய் நிலைமையை இன்னும் மோசமாக்கிவிட்டோமோ? அவளும் பின்னாலேயே ஓடினாள். கீழே சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில் அண்ணன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"பாத்தியா? ஆறு பேர் முன்னாடியே முடியல."

ரோஷினிக்கு அழுகை முட்டியது. அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அப்போது தமிழரசு தயங்கித் தயங்கி வந்தான். "சிரிச்சது தப்புதாண்ணே. சாரி." பேச்சை மாற்றத் தன் சைக்கிளைக் காட்டினான். "இதோட செயின் ஏண்ணே கழண்டுகினே கீது?"

ஜஸ்டின் நிமிர்ந்து பார்த்தான். செயினைத் தொட்டுப் பார்த்தான். "தொளதொளன்னு இருக்கு பாரு. பின் சக்கரத்தைக் கொஞ்சம் பின்னாடி தள்ளணும்..."

சொல்லிக்கொண்டே போனான். ஒவ்வொருவராக மற்ற பிள்ளைகளும் வந்து சுற்றி நின்றார்கள். செயின் எப்படித் தேய்கிறது, எந்த இடத்தில் எண்ணெய் விட வேண்டும் என்று கையெல்லாம் கறுப்பாக விளக்கினான். இப்போது குரல் நடுங்கவே இல்லை.

ரோஷினி அதைக் கவனித்தாள்.

"அண்ணா! நீயா ஆரம்பிச்சாதான் பயம். யாராவது கேட்டா உனக்குப் பேச வருது."

"அங்க யாரு கேப்பா?"

"உங்க மேடத்தைக் கேக்கச் சொல்லு."

"அவங்ககிட்ட எப்படிச் சொல்றது? பயமா இருக்கே!"

"வாயால சொல்ல வேணாம். சீட்டு குடு."

அவளே ஒரு சீட்டு எழுதினாள்: 'மேடம், எனக்குப் பேச ஆரம்பிக்க பயம். சைக்கிள் செயின் ஏன் கழலுதுன்னு என்னைக் கேளுங்க. ப்ளீஸ்.' கீழே ஜஸ்டின் கையெழுத்துப் போட்டான்.

திங்கட்கிழமை ஜஸ்டின் பஸ் ஏறிவிட்டான். ஆனால் பயம் இப்போது ரோஷினியைப் பிடித்துக்கொண்டது. மேடம் சீட்டைப் படித்துவிட்டுத் திட்டினால்? எல்லாரும் சிரித்தால்? நாலரைக்கு வர வேண்டிய அண்ணன் ஐந்தாகியும் வரவில்லை. ஐந்தரையும் ஆனது. அவள் வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடையாய் நடந்தாள்.

ஒருவழியாகப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"என்னாச்சுண்ணா?"

"மேடம் கேட்டாங்க. முதல்ல ரெண்டு வார்த்தை தடுமாறுச்சு. ஆனா அஞ்சு நிமிஷம் பேசிட்டேன்."

"அப்ப அந்த வகுப்பு நல்லதுதானா?"

"கட்டாயப்படுத்துறது சரியா தப்பான்னு எனக்கு இன்னும் தெரியல, போ!"

"சரி, ஏன் இவ்வளவு லேட்டு?"

"எனக்கு அடுத்து விஷ்ணுன்னு ஒருத்தன். ரொம்ப அமைதியானவன். மேடைல போய் அப்படியே கல்லு மாதிரி நின்னுட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு மனசு கேக்கல. கையைத் தூக்கி, 'விஷ்ணு, உங்க வீட்ல நாய் இருக்கா?'ன்னு கேட்டேன்."

"இருந்துச்சா?"

"மூணு இருக்காம். மணி அடிச்சு ஒரு மணி நேரமாச்சு, இன்னும் ரெண்டாவது நாயைப் பத்தியே பேசிட்டிருந்தான்!"