பத்து கோடி வருஷக் கொசு

போன் அலறியது.

காலை பதினொன்று பத்து. ஒரகடம் காவல் நிலையம். இன்ஸ்பெக்டர் வேல்விழி எடுத்தாள்.

"மேடம்... ஒரு பொணத்துகூட என்னய பூட்டிப் போட்டுருக்காங்க மேடம்..."

ஆண் குரல். கிசுகிசுப்பாக வந்தது. பற்கள் தந்தியடித்தன.

"யார் பேசறது? எங்கே இருக்கீங்க?"

"பேச்சிராஜ் மேடம். ஆதிஜீவா லேப்ல கல்லு அறுக்குற மிஷின்ல வேல. செத்துக் கெடக்கது எங்க கோதண்டம் அண்ணன். எனக்கு நல்ல காய்ச்சல்... எந்திக்க முடியல. பன்னெண்டு மணிக்கு எனக்கு ஊசி போட வருவாவ. அண்ணனுக்கும் ஊசிதான் மேடம் போட்டாவ!"

"யார் போட்டது?"

"வெள்ளக் கோட்டு, மாஸ்க்கு... மொகம் தெரியல. அண்ணன் அந்தக் கல்ல உப்புல..."

இணைப்பு அறுந்தது.

திரும்ப அடித்தாள். அணைக்கப்பட்டிருந்தது.

"பாபு! ஜீப்பை எடு!"

ஏட்டு பாபு டீயைப் பாதியில் வைத்தார். "இன்னா மேடம்? வடை இப்பதான் வந்துகினு கீது..."

"ஐம்பது நிமிஷத்துல ஒரு கொலை நடக்கப் போகுது. ஏறு!"

*

ஆதிஜீவா ஆய்வு மையம்.

இரண்டு கார் உதிரிபாகத் தொழிற்சாலைகளுக்கு நடுவே ஒரு கண்ணாடிக் கட்டடம்.

மரத்திலிருந்து வழியும் பிசின் மண்ணுக்குள் கோடிக்கணக்கான வருடங்கள் கிடந்து இறுகினால் அம்பர் கல். அன்றைக்கு அதில் ஒட்டிச் செத்த கொசுவும் ஈயும் இன்றைக்கும் இறக்கையோடு இருக்கும். கல்லை அறுத்து, மெருகேற்றி, பூச்சியின் வயிற்றில் அந்தக் காலத்து நோய்க்கிருமியின் சுவடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மலேரியா எங்கே தொடங்கியது என்று தேடுகிற வேலை.

நல்ல வேலைதான். செய்கிறவன் நல்லவனாக இருந்தால்.

இயக்குநர் டாக்டர் மணிகண்டபிரபு வாசலிலேயே மறித்தார். ஐம்பது வயது. மே மாத வெயிலிலும் முழுக்கைச் சட்டை.

"உள்ளே விட முடியாது இன்ஸ்பெக்டர். ஒருத்தர் இறந்துட்டார். நானே உங்களுக்குத் தகவல் சொல்ல இருந்தேன். ஆமா... உங்களுக்கு யார் சொன்னது? எல்லார் போனையும் கேட்லயே வாங்கி வெச்சுடுவோமே?"

பாபு சிரித்தார். "கேட்ல குடுக்கறது செத்த போனு சார். உசுரோட கீறது சாக்ஸ்ல. இந்த ரோட்ல எந்த கம்பெனிலயும் அப்டித்தான்."

மணிகண்டபிரபுவின் முகம் ஒரு நொடி வெளுத்தது. ஒரே நொடிதான்.

"எப்படிச் செத்தார்?" வேல்விழி கேட்டாள்.

"எங்ககிட்ட ஒரு கல் இருக்கு. பத்து கோடி வருஷத்துக் கொசு. வயிறு நிறைய ரத்தம். அந்த ரத்தத்துல ஒரு கிருமி. நாளைக்கு உலகத்துக்கே அறிவிக்கப் போறோம். ஆனா அது முழிச்சுக்கிச்சு மேடம்! கல்லைத் தொட்டது ரெண்டே பேர். கோதண்டம் காலையில போயிட்டார். பேச்சிராஜ்..." கடிகாரத்தைப் பார்த்தார். "சாயந்தரம் வரைக்கும் தாங்க மாட்டான்."

"பத்து கோடி வருசமா?" என்றார் பாபு. "எங்க வூட்ல தயிரு ரெண்டு நாள் தாங்க மாட்டேங்குது சார்."

"உள்ளே இருக்கறவனை ஏன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பலை?" என்றாள் வேல்விழி.

"அனுப்பினா தண்டலத்துல இருந்து மறைமலை நகர் வரைக்கும் பிணமா விழும். கதவைத் திறக்கணுமா? பொறுப்பு என்னோடதுன்னு எழுதிக் குடுத்துட்டுத் திறங்க."

வேல்விழி நின்றாள்.

இந்தச் சாலையில் லட்சக்கணக்கான பேர் வேலை பார்க்கிறார்கள். ஒரு பஸ்ஸில் அறுபது பேர். ஓர் அறையில் எத்தனை பேரோ. இவர் சொல்வது உண்மையாக இருந்தால்..?

பொய்யாக இருந்தால் உள்ளே ஒருவன் செத்துக்கொண்டிருக்கிறான்.

பதினொன்று நாற்பத்திரண்டு.

அப்போது கேட்டில் சத்தம்!

"விடுங்க அண்ணாச்சி! எங் கூட்டாளி உள்ளதான் கெடக்கான்!"

டயர் கம்பெனிச் சீருடையில் ஓர் இளைஞன் காவலாளியைத் தள்ளிக்கொண்டு வந்தான். கண்களில் தூக்கமில்லை.

"யாருப்பா நீ?"

"வனமாமலை மேடம். நாங்குநேரி பக்கம். பேச்சிராஜ் ரூம்மேட்டு. நேத்து பகல் ஷிப்ட் முடிஞ்சு அவன் வரல. நா நைட்டு முடிச்சிட்டுப் போய்ப் படுத்தா பாய் சில்லுன்னு கெடக்கு. எப்பவும் அவன் சூடு இருக்கும்லா?"

"அவனுக்குக் காய்ச்சல், தெரியுமா?"

"தெரியாம? எனக்கு வந்த காய்ச்சல்தான அவனுக்கும்!"

வேல்விழி சட்டென்று திரும்பினாள். "உனக்கு எப்போ?"

"பன்னெண்டு நாளு முந்தி. கவர்மெண்டு ஆஸ்பத்திரில டெங்குன்னு எழுதிக் குடுத்தாவ." சட்டைப் பையிலிருந்து வியர்வையில் நனைந்த சீட்டை எடுத்து நீட்டினான். "லீவுக்குக் காட்டணும்னு கையிலயே வச்சிருக்கேன். ரூம்ல ஒரு ட்ரம்மு தண்ணி. முழுக்கக் கொசுப்புழு."

"பொய்!" மணிகண்டபிரபு கத்தினார். "ஹாஸ்டல் ரிஜிஸ்டரை நானே பார்த்தேன். அந்த ரூம்ல நாலே பேர். மத்த மூணு பேருக்கும் காய்ச்சலே இல்லை!"

வனமாமலை அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"ரிஜிஸ்டர்லதான் நாலு சார். பாய்ல எட்டு. பகல் ஆளு எந்திச்ச பாயில நைட்டு ஆளு படுப்பான். நீங்க ஒருநாளாச்சும் அந்தப் படி ஏறியிருந்தா தெரிஞ்சிருக்கும்."



"கல்லையே பார்க்காதவனுக்குப் பன்னிரண்டு நாள் முன்னாடியே காய்ச்சல்." வேல்விழி நிதானமாகச் சொன்னாள். "அப்போ காய்ச்சல் கல்லுல இருந்து கிளம்பலை. ஹாஸ்டல்ல இருந்து இங்கே வந்திருக்கு... பாபு! கதவை உடை!"

*

பதினொன்று ஐம்பத்து மூன்று.

மூன்றாவது உதையில் கதவு விழுந்தது.

தரையில் கோதண்டம். வாய் திறந்திருந்தது. மேஜை மேல் அவருடைய டிபன் பாக்ஸ் மூடியபடியே இருந்தது. கோதண்டத்தின் மூடிய விரல்களை வேல்விழி பிரித்தாள்.

கல் உப்பு!

குனிந்தவள் மூக்கைச் சுருக்கினாள். மார்ச்சுவரி வாசனை. காலையில்தான் செத்த உடம்பில் மார்ச்சுவரி வாசனை எப்படி?

முழங்கை மடிப்பில் ஊசித் துளை.

மூலையில் பேச்சிராஜ் சுருண்டு கிடந்தான். ஈறுகளில் ரத்தம். பக்கத்துத் தட்டில் மருந்து ஏற்றிய ஊசி ஒன்று பன்னிரண்டு மணிக்காகக் காத்திருந்தது. முகர்ந்தாள். அதே வாசனை. செத்த பூச்சியைப் பதப்படுத்துகிற ஃபார்மலின்!

"லேய் மாப்ள... கண்ணத் தொறலே!" வனமாமலை அவனைத் தோளில் போட்டான்.

பேச்சிராஜின் உதடுகள் அசைந்தன.

"மேடம்... நேத்து ராத்திரி காய்ச்சல்ல இங்கனயே படுத்துட்டேன். காலைல ஒம்பது மணிக்கு அண்ணன் அந்தக் கல்ல உப்புத் தண்ணில போட்டாரு. நெசக் கல்லுன்னா மெதக்கும். இது முங்கிட்டு... போய் மேலிடத்துல சொல்லிட்டு வாரேன்னு போனாரு. திரும்பி வந்து உக்காந்தாரு. பின்னாலயே மாஸ்க்கு போட்ட ஆளு... தடுப்பூசின்னு..."

108 வந்தது. இரண்டு நண்பர்களும் அதில் போனார்கள்.

*

இயக்குநர் அறை. வேல்விழி ஒரு டம்ளர் தண்ணீரில் உப்பைக் கரையும் மட்டும் கொட்டினாள்.

"பெட்டகத்தைத் திறங்க."

வேர்க்கடலை அளவில் தேன் நிறக் கல். நடுவில் கால்களை விரித்தபடி ஒரு கொசு.

போட்டாள்.

கல் நேராக அடியில் போய் உட்கார்ந்தது.

"பிளாஸ்டிக் பிசின்," என்றாள்.

மணிகண்டபிரபு நாற்காலியில் சரிந்தார். தலையைப் பிடித்துக்கொண்டார். அழுதார்!

"ஏமாத்திட்டான் மேடம்... கோதண்டம் என்னை ஏமாத்திட்டான்! போலிக் கல்லை அவன்தான் செஞ்சு கொண்டுவந்து குடுத்தான். நான் நம்பினேன். கிருமின்னு பயந்துதான் கதவைப் பூட்டினேன். மாட்டிக்குவோம்னு தெரிஞ்சு ஊசியை அவனே போட்டுக்கிட்டான்..."

"அப்போ அந்த ரெண்டாவது ஊசி?"

"அதையும் அவனே ரெடி பண்ணியிருப்பான். பேச்சிராஜ் மாஸ்க்குன்னு சொல்றதெல்லாம் காய்ச்சல்ல உளர்றது. என் கைரேகை ஒண்ணாவது இருக்கா பாருங்க!"

பாபு தலையைச் சொறிந்தார். "மேடம்... செத்தவர் வந்து இல்லன்னு சொல்லப் போறதில்ல. கேஸு நிக்காது போல கீதே?"

வேல்விழி டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"நாளைய அறிவிப்புல என்ன எழுதியிருக்கீங்க டாக்டர்? 'வயிறு நிறைய ரத்தம்'. நிஜக் கல்லா இருந்தா அந்த ரத்தம் எந்த மிருகத்தோடதுன்னுகூட சொல்ல முடியாதுன்னு வைங்க. ஆனா இது போன மாசத்துக் கொசு. பிசினை ஊத்தறதுக்கு முன்னாடி இதுக்கு யாரோ கையை நீட்டி ரத்தம் குடுத்திருக்காங்க. கோதண்டம் கையா... வேற கையா... டிஎன்ஏ சொல்லிடும்."

மணிகண்டபிரபுவின் அழுகை நின்றது.

கை பாய்ந்தது!

டம்ளர் உருண்டது. உப்புத் தண்ணீர் மேஜையெல்லாம் சிதறியது. கல் அவர் விரல்களில்... வாயில்... தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது!

"மேடம்! முழுங்கிட்டாரு மேடம்!"

வேல்விழி அசையவில்லை.

"வேற யாரோ ரத்தமா இருந்தா நீங்க ஏன் டாக்டர் முழுங்கணும்?"

நெற்றியெல்லாம் வியர்வை. முழுக்கைச் சட்டை ஒட்டிக்கொண்டது.

"மொதல்ல உங்க ரத்தம் அது வயித்துல இருந்தது. இப்போ அது உங்க வயித்துல. பிளாஸ்டிக் ஜீரணமாகாது."

போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வனமாமலை.

"மேடம்... பிளேட்லெட்டு பதினெட்டாயிரமாம். ஒரு மணி நேரம் தாமசிச்சிருந்தா இல்லன்னுட்டாவ. இப்ப ஏத்துதாவ. பொழச்சிருவான்."

"நீ போய்த் தூங்குப்பா."

"பாய் சில்லுன்னு கெடக்கும் மேடம். இங்கேயே இருக்கேன்."

போனை வைத்தாள். இனி கோதண்டத்தின் வீட்டுக்கு ஒருவர் போய்ச் சொல்ல வேண்டும். டிபன் பாக்ஸையும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

விலங்கை மாட்டிய பாபு, மணிகண்டபிரபுவின் வயிற்றைத் தட்டிப் பார்த்தார்.

"பத்து கோடி வருசம் உள்ள குந்திகினு இருந்த கொசு சார் இது... நாளைக்குக் காலீல வரைக்கும் வெயிட் பண்ணாதா இன்னா?"