ஆள் இல்லை

ஸ்டேஷனிலிருந்து எல்லாரும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் கோட்டை மதிலுக்குள்ளிருந்து வந்தாள்.

ஜான்சி வீடியோவை நிறுத்திப் பார்த்தாள். சிதம்பரத்தில் மதியம் மூணு மணி, ஜன்னலுக்கு வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது. திரையில் இருந்த ஜப்பான் ஊரில் இருட்டி ரொம்ப நேரமாகியிருந்தது. நானூறு வருஷத்துக் கோட்டை ஊராம். இப்போது ஊரே காலையில் டோக்கியோவுக்கு ரயிலேறிப் போய், இருட்டினதும் திரும்புகிறது. தெருக் கேமரா வீடியோவில் தெரியும் ஒவ்வொரு ஆளைச் சுற்றியும் கட்டம் போட வேண்டும். கம்ப்யூட்டருக்கு ஆளை அடையாளம் காட்டும் வேலை அது. பி.எஸ்சி. படித்த ஜான்சிக்குக் கிடைத்தது அதுதான்.

கறுப்புக் கோட்டுகளுக்கு நடுவே அந்தப் பொம்பளை தலையில் கூடையோடு நின்றாள். அவளுக்குப் பின்னால், மதிலில், ஒரு ஆள் நிற்கிற அளவுக்குக் கல் இல்லாத இருட்டு.

ஜான்சி கட்டம் போட்டாள். மறுநாளே அது திரும்பி வந்தது.

"என்ன ஜான்சி இது, வெறும் சுவத்துக்குக் கட்டம் போட்டு வச்சிருக்கீங்க?" டீம் லீடர் கௌரிசங்கர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டான்.

"சுவரு இல்ல சார், பொம்பள. கூடை வச்சிருக்காங்க."

"ஜப்பான்ல எவ கூடை தூக்குறா? கோட்டைய ராஜா கட்டினாரு, ஸ்லைடுல இருக்கு பாருங்க."

"ராஜாவே சித்தாள் வேலையும் பாத்தாரா சார்?"

நாலு பேர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. கட்டத்தை அழித்தான். ஜான்சிக்கு மார்க் குறைந்தது.

தலைக்கு மேலே மண்வெட்டி சுரண்டும் சத்தம். கட்டடக்காரர் மூன்றாவது மாடி எழுப்பிக்கொண்டிருந்தார். ஈரச் சிமெண்ட் வாடை ஏசி வழியாக இறங்கி, தொண்டையில் மாவாக ஒட்டியது. அந்தச் சத்தங்களுக்கு நடுவே அடிக்கடி ஒரு இருமல் கேட்கும், வறட்டு இருமல். அது யாருடையது என்று அந்த ஆபீசில் ஜான்சிக்கு மட்டும்தான் தெரியும். அவள் அம்மா ஆரோக்கியம்மாள் மேலே கலவை சுமந்துகொண்டிருந்தாள்.

கடலூரிலிருந்து இரண்டு பேரும் ஒரே ரயிலில்தான் வருவார்கள். சிதம்பரத்தில் இறங்கியதும் அம்மா பத்தடி தள்ளி நடப்பாள். "நீ முன்னால போ பாப்பா, நான் எவளோ மாதிரி வரேன்." ஜான்சி அப்படிக் கேட்டதில்லை. தடுத்ததுமில்லை. வாசலில் வாட்ச்மேன் ஜான்சி பேரை நோட்டில் எழுதுவான். மாடியில் கட்டட வேலைக்குப் போகும் பொம்பளைகள் பேரை எழுதும் வழக்கமே கிடையாது.

செவ்வாய்க்கிழமை வீடியோவில் அந்தக் கூடைக்காரி ஸ்டேஷன் படிக்கட்டில் நின்றாள். புதன்கிழமை டிக்கெட் வாசலில். ஜான்சி கட்டம் போடப் போட கௌரிசங்கர் அழித்தான். வியாழக்கிழமை அவள் கேமராவுக்கு நேர் கீழே வந்து நின்றாள். கூடைதான் தெரிந்தது. கூடைக்கு அடியில் சும்மாடு, அம்மா வைப்பது மாதிரியே நீலக் கட்டம் போட்ட துண்டு. ஜப்பானில் ஏது அந்தத் துண்டு?

வெள்ளிக்கிழமை ரயிலில் ஜான்சி சொன்னாள்: "இன்னிக்கி பர்மனென்ட் ஆயிடும்மா. நாளைலேர்ந்து நீ வரக் கூடாது."

"ஆவட்டும், பாப்போம்." அம்மா இருமினாள்.

மூணு மணிக்கு கௌரிசங்கர் வந்து பின்னால் நின்றான். "ஒரு மார்க்தான் குறையிது. அந்தச் சுவரு ஃப்ரேமுக்கு நீங்களே 'ஆள் இல்லை' குடுத்துடுங்க. பர்மனென்ட் ஆர்டர் கைக்கு வந்துடும். வீம்பு ஜாஸ்தி உங்களுக்கு."

திரையில் அவள் முகத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தாள். மெதுவாக. முகம் தெரிவதற்கு முன்னாலேயே ஜான்சி அழுத்தினாள்.

ஆள் இல்லை.

அவள் நிமிரவில்லை. திரும்பினாள். மதிலுக்கு நடந்தாள். இருட்டுக்குள் போய் நின்றாள். கல் ஒவ்வொன்றாக மூடியது.

மேலே கொத்தனார் கரண்டிச் சத்தம். டக். டக். டக்.

நின்றது.

இருமலும் நின்றது.

ஜான்சி மாடிக்கு ஓடினாள். ராஜாமணி மேஸ்திரி கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, எங்கம்மா எங்க?" அந்தக் கட்டடத்தில் அவள் முதல் தடவையாக அதைச் சொன்னாள்.

"எந்தம்மா?"

"ஆரோக்கியம்மா. சித்தாளு. காலைல என்கூடத்தான் வந்தாங்க."

"எங்கிட்ட நாலே பேருதாம்மா. நாலு பேரும் அதோ ஒக்காந்திருக்காங்க. அப்பிடி யாரும் இல்லியே."

நாலு பேரும் அவளை வெறித்துப் பார்த்தார்கள். கைப்பிடிச் சுவரில் சாப்பாட்டுத் தூக்கு ஐந்து இருந்தது.

எதிரே புதுச் சுவர், இன்னும் ஈரமாக. தலை உயரத்தில் இரண்டு செங்கல்லுக்கு நடுவே நீலக் கட்டத் துண்டின் முனை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது உள்ளே போனது. ஒரு விரற்கடை. இன்னொரு விரற்கடை.

எட்டிப் பிடித்தாள். இழுத்தாள். உள்ளேயும் யாரோ பிடித்திருந்தார்கள்.

"அம்மா!"

சுவருக்குள் ஒரு இருமல்.

பிடி தளர்ந்தது. துண்டு முழுசாக அவள் கையோடு வந்தது. உச்சந்தலைச் சூடு அதில் இன்னும் ஆறவில்லை.