வனஜாவுக்கும் ஒரு தட்டு

வேப்பம்பட்டு ரயிலடிக்குப் பின்னாலிருந்த அந்தக் கீழ்ப்போர்ஷனில் ஸ்வாதி பால் காய்ச்சிக் குடியேறிய அன்று, கோகுல்நாத் வாசலிலேயே நின்று, "நீங்க யாருங்க?" என்று மரியாதையாகக் கேட்டான்.

கட்டின புருஷன். கல்யாணமான மறுமாதமே வானகரம் பைபாஸில் லாரி இடித்து மண்டையில் அடி. பழசு கொஞ்சம் மிச்சம். கல்யாணம் சுத்தமாக அழிந்துவிட்டது. புதுசாகச் சொல்வதெல்லாம் நீர்மேல் எழுத்து. தினமும் ஒரே வேளையில் சோறு போட்டு ஒரே பேரைச் சொல்லிக்கொண்டிருங்கள், என்றைக்காவது ஒட்டிக்கொள்ளும் என்றிருந்தார் டாக்டர். "நான் ஸ்வாதி, உங்க பொண்டாட்டி" என்று அவள் சொல்லாத மத்தியானம் இல்லை. கை கழுவி வருவதற்குள் அவன் மறந்திருப்பான்.

ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடி கேட்டான்.

"வனஜா சாப்ட்டாங்களா?"

உறவில், ஆபீஸில், அப்படி ஒருத்தியும் கிடையாது. மறுநாளும் அதே பேர். யாரென்று கேட்டால் பின்கட்டைக் காட்டினான்.

பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது ஸ்வாதிக்கு. ஒரு பேர் ஒட்டிவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டே தன் பேரையும் ஏற்றிவிடலாமே. அன்று முதல் வனஜாவுக்கும் ஒரு தட்டு வைத்துச் சோறு போட்டாள்.

அவன் முகம் தெளிந்துகொண்டே வந்தது. அடுப்படியில் மட்டும், எவ்வளவு கழுவினாலும், துணி கருகும் நாற்றம்.

துணி காயப்போட வந்த வீட்டுக்காரம்மா நாகம்மா, அந்த இரண்டாவது தட்டு யாருக்கென்று கேட்டாள். பதிலைக் கேட்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா காரியம் பண்ணிகினு கீற? முன்னாடி குடியிருந்த பொண்ணும்மா அது. இந்த அடுப்பாண்டதான் எரிஞ்சி போச்சு." குரல் இறங்கியது. "செத்தவங்களுக்கு சோறு வெச்சா அதுக்குப் பேரு படையல். கூப்ட்டா வராம இருக்குமா?"

மறுநாள் மத்தியானம் ஸ்வாதி ஒரே தட்டு வைத்தாள்.

கோகுல்நாத் நிமிர்ந்து பார்த்தான். சிரித்தான்.

"ஸ்வாதி."

எத்தனை மாதத் தவம். அழுதுகொண்டே அவன் கையைப் பற்றினாள். ஞாபகம் வந்துவிட்டதா என்று கேட்டாள்.

"இல்லீங்க. வனஜா சொல்லிக்குடுத்தாங்க." ரகசியம்போல் கிட்டே குனிந்தான். "அவ பேரு ஸ்வாதி. அவ போனதுக்கப்புறம் நான்தான் உன் பொண்டாட்டி, மறந்துடாதேன்னாங்க. நான் மறக்கலை, பாத்தீங்களா?"

கருகல் நாற்றம் குப்பென்று வந்தது.

ஸ்வாதி மெல்லத் திரும்பினாள்.

அடுப்படித் தரையில் ஒரு தட்டு. ஆவி பறக்கிற சோறு.

அதை வைத்தது ஸ்வாதி இல்லை.

வைத்திருந்தது ஸ்வாதிக்கு.