ஆறாம் போர்ட்டின் விளக்கு

ஆறாவது கேபிள் இன்னும் ஜெயபாரதியின் கையில்தான் இருந்தது. ஆனால் நெட்வொர்க் சுவிட்சில் ஆறாம் போர்ட்டின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

எண்ணுவதில் தவறிவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தாள். பேனல் பெட்டிக்குள் தலையை நுழைத்து, விரல் வைத்து மறுபடி எண்ணினாள். ஒன்று முதல் ஐந்து வரை கேபிள்கள் செருகியிருந்தன. ஆறாவது வாய் காலி. அதன் மேலே கடுகளவு பச்சை. மற்ற ஐந்தும் படபடத்துக்கொண்டிருக்க, இது மட்டும் அசையாமல் எரிந்தது.

புதுச் சுவிட்ச். ஏதோ கோளாறு இருக்கலாம். லேப்டாப்பை மடியில் இழுத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். மங்கலம் சாலையில் இருந்த அந்தச் சாயப்பட்டறையின் ஆறு சாய மெஷின்களிலிருந்தும் ஒவ்வொரு கேபிள் வந்து, சுவிட்ச் என்கிற இந்தச் சின்ன இரும்புப் பெட்டியில் சேரும். இங்கிருந்து ஒரே கேபிள் கம்ப்யூட்டருக்குப் போகும். பிறகு கன்ட்ரோல் ரூம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே எந்த மெஷினையும் ஓட்டலாம், நிறுத்தலாம். ஒவ்வொரு போர்ட்டுக்கும் அதற்குரிய முகவரியைக் கொடுத்து, திங்கள் காலை ஆறு மணி ஷிப்டுக்கு முன்னால் எல்லாவற்றையும் ஓடவைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. பழகிய வேலை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி. ஓடாத பட்டறை இவ்வளவு பெரியது என்று மற்ற நாட்களில் தெரிவதில்லை. வெயிலில் தகரக் கூரை அங்கங்கே டிக், டிக் என்று நெளிந்தது. எங்கோ ஒரு வால்விலிருந்து தண்ணீர் சொட்டி, அடுத்த சொட்டுக்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டது. கண்ணாடிச் சுவருக்கு அப்பாலிருந்து சோடாவும் புளித்த ஆசிடும் கலந்த வாடை, ஆள் இல்லாத இடத்தில் அதிகமாகிவிடுவதைப்போல, மெதுவாக உள்ளே வந்து நிறைந்தது. நாற்காலி அந்தக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிப் போடப்பட்டிருந்தது. ஆறு மாதத்துக்கு முன் மேசையை அப்படித் திருப்பிப் போட்டது அவள்தான். கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்தால் கூரை வெளிச்சம் அடித்துக் கண் கூசியது.

"ஏனுங்க அம்மணி, டீ."

தூக்கிவாரிப் போட்டது. வாட்ச்மேன் கிட்டுசாமி கிளாஸை மேசையில் வைத்துவிட்டுப் பேனலை எட்டிப் பார்த்தார்.

"ஆறாம் நம்பரையும் சேத்தா ஓட்டப் போறீங்க?"

"மொதலாளி சொல்லிட்டாருங்கண்ணா. நாளைக்குக் காலைல துணி போடோணுமாம்."

"பசங்க அதுகிட்டயே போக மாட்டீங்கறாங்க. நேத்து ஒருத்தன் அந்தப் பக்கம் போனதுக்கு, நாலு பேரு சேந்துட்டு ‘செருப்பக் கழட்டிறாதடா’ன்னு கத்தறாங்க." சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். "உங்க பழைய பொட்டி கெட்டுப்போயித் தானா ஓட்டி உட்ருச்சுன்னு சொன்னாங்க. இது நல்ல பொட்டிதானுங்களே?"

"நல்லதுதானுங்க."

"பாவமுங்க, உள்ள எறங்குன அந்த ராக்கையா. பொணத்த ஏத்தறப்ப அவன் சம்சாரம் சின்னத்தாயி அந்த வாரறுந்த நீலச் செருப்பையும் கேட்டு வாங்கிப் பேப்பர்ல சுத்திக்கிச்சு. ‘இது கெடக்குறதப் பாத்தும் எப்படிய்யா ஓட்டுனீக?’ இது ஒண்ணையேதான் எல்லாத்துகிட்டயும் கேட்டுச்சு. யாருக்குப் பதில் தெரியுமுங்க?"

அவர் கேட்டுக்குப் போய்விட்டார். டீயில் ஏடு படிந்தது. அவள் குடிக்கவில்லை.

அவளுக்குப் பதில் தெரியும். அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. சிக்கிய துணியை எடுக்கவோ பஞ்சைக் கழுவவோ மெஷினுக்குள் இறங்குகிறவன், படிக்குக் கீழே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போவான். செருப்பு கிடக்கும்வரை யாரும் பட்டனைத் தொடமாட்டார்கள். பட்டன் மெஷினிலேயே இருந்த காலத்து வழக்கம் அது. பட்டனைக் கன்ட்ரோல் ரூமுக்குக் கொண்டுவந்தவர்களிடம் யாரும் செருப்பைப் பற்றிச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. புது ஏற்பாட்டில் ஸ்டார்ட் கொடுத்ததும் முதலில் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும், பிறகு சுடுதண்ணீர் ஏறும். சோதனை ஓட்டத்தன்று ஆறாம் நம்பருக்கு ஸ்டார்ட் கொடுத்தவள் ஜெயபாரதி. கொஞ்ச நேரத்தில் முதுகுக்குப் பின்னால் தொம், தொம் என்று சத்தம் கேட்டது. தலையை நிமிர்த்தினாள். பம்ப்பில் காற்று புகுந்திருக்கும் என்று நினைத்தாள். திரும்பவில்லை.

சுவிட்ச் கோளாறால் மெஷின் தானாக ஓடியது என்று ரிப்போர்ட் எழுதியவர் அவளுடைய மேலதிகாரி திருமூர்த்தி. "நீ ஒண்ணும் பண்ணல கண்ணு. பொட்டி பண்ணுச்சு" என்று பேனாவை நீட்டினார். கையெழுத்துப் போட்டாள். தூக்கம் வராத இரவுகளில் அந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லி, இப்போது அது கொஞ்சம் கொஞ்சமாக நடந்ததைப் போலவே ஆகிக்கொண்டு வந்தது. அதுதான் அவளுக்குத் தன்னைப் பற்றி இருந்த பயம்.

ஆறாம் போர்ட்டை முடக்கும் கட்டளையை அடித்தாள். விளக்கு அணைந்தது.

மூச்சை விட்டாள். விட்டு முடிப்பதற்குள் மறுபடி எரிந்தது.

ஆறாம் மெஷினின் முகவரிக்கு, ‘இருக்கிறாயா’ என்று கேட்கும் பிங் அடித்துப் பார்த்தாள். பதில் வரக்கூடாது, கேபிள் இதோ, அவள் காலடியில் சுருண்டு கிடக்கிறது. பதில் வந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

சுவிட்சுக்கு வரும் மின்சார ஒயரைப் பிடித்து இழுத்தாள். ஐந்து விளக்குகளும் செத்தன. ஆறாவது நின்று எரிந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம். பின்னாலிருந்து.

தொம்.

பம்ப் ஓடவில்லை. எதுவுமே ஓடவில்லை.

தொம். தொம்.

திரும்பினாள். கண்ணாடிக்கு அப்பால், வரிசையின் கடைசியில், ஆறாம் நம்பர் மெஷினின் படியடியில் நீல ரப்பர் செருப்பு ஒரு ஜோடி. கதவைத் திறந்து ஓடினாள். அருகில் போனபோது தெரிந்தது, இடது வார் அறுந்து, மஞ்சள் பனியன் நூலால் கட்டியிருந்தது. யாரோ கழுவ வந்த ஆள்தான், முதலாளி அனுப்பியிருப்பார், கிட்டுசாமி சொல்ல மறந்திருப்பார் என்று மனம் அவசரமாக அடுக்கியது.

"உள்ள யாருங்க?"

சொட்டும் சத்தம் நின்றிருந்தது.

"கிட்டுசாமியண்ணா!"

குரல் தகரத்தில் மோதித் திரும்பி வந்தது. கேட் வெகுதூரம். கேட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். உள்ளே தட்டல் மெலிந்துகொண்டே வந்தது. கை தளர்ந்தவன் தட்டுவதைப் போல. ஓடிப்போய் ஆளைக் கூட்டி வரலாம். அதற்குள் நின்றுவிடும். இன்னொரு முறை அவளால் நின்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது. இந்த முறை போய்ப் பார்த்துவிட வேண்டும். பார்த்துவிட்டால் போதும்.

தன் பழுப்புச் செருப்பை அந்த நீலச் செருப்புக்குப் பக்கத்தில் கழற்றி வைத்தாள். ஐந்து படி. வட்டக் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே இருட்டு, குளிர்ந்த எஃகு, ஊறிப்போன சிவப்புச் சாயத்தின் வாடை. கோடியில் ஏதோ சுருண்டு கிடந்தது.

"இந்தாங்க... கையக் குடுங்க."

குனிந்து நுழைந்து, இறங்கி, தொட்டாள்.

துணி. பழைய, காய்ந்த துணிச் சுருள். வேறு யாரும் இல்லை. தட்டலும் இல்லை.

சிரிப்பு வந்தது. அது தன் சிரிப்பைப் போல இல்லை என்று தோன்றிய நேரத்தில், முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

தள்ளினாள். தோளால். பிறகு இரண்டு கைகளாலும்.

சாயம் ஏறுவதைப் பார்ப்பதற்கு மெஷினின் முகப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி உண்டு. அதில் முகத்தை வைத்தாள். கீழே படியடியில் ஒரே ஒரு ஜோடி செருப்பு. பழுப்பு.

அதற்கும் அப்பால் கன்ட்ரோல் ரூம். அவளுடைய நாற்காலியில் ஒருவர்.

முதுகு மட்டும் தெரிந்தது. சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. நாற்காலியின் அடியில், நீலச் செருப்புப் போட்ட கால்களைச் சுற்றி, தண்ணீர் சிவப்பாகத் தேங்கியிருந்தது.

குழாய்க்குள் ஏதோ நகர்ந்து வரும் ஓசை. பாதத்தில் முதல் தண்ணீர். வெதுவெதுப்பாக.

கத்தினாள். சத்தம் வெளியே போகவில்லை. முஷ்டியால் எஃகை அடித்தாள். தொம். தொம்.

நாற்காலியில் இருந்தவரின் தலை மெல்ல நிமிர்ந்தது. காது கொடுத்துக் கேட்பதைப் போல, ஒரு கணம் அப்படியே நின்றது.

தொம். தொம். தொம்.

பிறகு, பம்ப்பில் காற்று புகுந்திருக்கும் என்று நினைத்தவரைப் போல, மறுபடி திரையின் பக்கம் குனிந்துகொண்டது.