கழுத்தில் ஒரு விலா

விளக்குப் பெட்டியில் மாட்டிய படத்தை அவள் கழற்றித் திருப்பி மாட்டினாள். பிறகு மறுபடி பழையபடியே மாட்டினாள். எக்ஸ்ரே அறையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள், ஒரு நாளும் இடம் வலம் மாற்றிப் படம் மாட்டியதில்லை. இன்றைக்கு மட்டும் மாற்றித் தொலைத்திருக்கக் கூடாதா என்று மனசு கெஞ்சியது. இடம் வலம் காட்ட ஓரத்தில் வைத்த ஈய எழுத்து நேராகத்தான் நின்றது. கழுத்தருகே தெரிந்த எலும்புக் கொக்கி இடப்பக்கம்தான்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" பிணவறை டாக்டர் பின்னால் வந்து நின்றார். பாழுங்கிணற்றைத் தூர் வாரும்போது கிடைத்த எலும்புகள், சாக்கில் கட்டிக் காலையில் வந்தவை. தலை கிடைக்கவில்லை.

"கழுத்து விலா பாத்தீங்களா? நெஞ்சுக்குள்ள இருக்க வேண்டிய விலா, கூட ஒண்ணு கழுத்துல முளைச்சிருக்கு. ஆயிரம் பேர்ல அஞ்சு பேருக்கு இருந்தா அதிகம். அதுவும் நுனி இப்படிக் கொக்கி மாதிரி வளைஞ்சு... இந்த ஆளுக்கு முகமே வேண்டாம்க்கா. உயிரோட இருந்தப்ப எடுத்த படம் ஒண்ணு கிடைச்சா, பக்கத்துல வெச்சு அஞ்சு நிமிஷத்துல யாருன்னு சொல்லிடுவேன்."

"செத்து எத்தனை வருஷம் இருக்கும்?"

"ஆறு, ஏழு."

அந்தப் படம் அவளிடம்தான் இருந்தது. கல்யாணமான புதிதில் கணவருக்கு இடது கை அடிக்கடி மரத்துப்போக, அவளே நிற்க வைத்து எடுத்த படம். அதிலும் இதே கொக்கி. ஏழு வருடத்துக்கு முன் செருப்பு தைத்துக்கொண்டு வருகிறேன் என்று போன மனிதர் திரும்பவில்லை. நான்கு மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம் வாசலில் வந்து நின்றார். எங்கே போயிருந்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் மறுபடியும் கிளம்பிவிடுவாரோ என்று பயம். ஏழு வருடம் ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்த்தவளுக்கு, இரண்டாவது தட்டின் ஈரமே போதுமாக இருந்தது. தனியாக இருந்து பார்த்தவர்கள் அவளைக் குறை சொல்ல மாட்டார்கள்.

"தலை வலிக்குது டாக்டர். வீட்டுக்குப் போறேன்."

"போங்க, போங்க. மாமாவைக் கேட்டதாச் சொல்லுங்க."

வெயில் சாயத் தொடங்கியிருந்தது. முன் கதவு உள்ளே தாழிட்டிருந்ததால், வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே ஒருவர் ஒருக்களித்து நடக்கும் அகலத்தில் ஓடிய சந்து வழியாகப் பின்வாசலுக்குப் போனாள். ஈரச் சுண்ணாம்பும் பாசியும் கலந்த வாடை, தண்ணீர்க் குழாய் எங்கோ சொட்டும் சத்தம், தன் புடவை சுவரில் உரசுவதே யாரோ கூட நடப்பதுபோலக் கேட்பது, எல்லாவற்றையும் கடந்து படுக்கையறை ஜன்னல் அருகே வந்ததும் கால் நின்றுவிட்டது.

ஜன்னல் கண்ணாடியில் கணவரின் அந்த எக்ஸ்ரே படம். ஏழு வருடத்துக்கு முன் அவர் காணாமல்போன அந்த வாரமே அவள் உள்பக்கமாக ஒட்டியது. புகைப்படத்தில் முகம்தான் இருக்கும். இதில் அவரே இருந்தார். காலை வெளிச்சம் விழுந்தால் விலாக்கள் வெள்ளையாக எரியும். கட்டிலில் படுத்தபடி ஏழு வருடமும் அதனிடம்தான் பேசினாள்.

வெளியிலிருந்து அதை இன்றுதான் பார்க்கிறாள். எழுத்து திரும்பியிருந்தது. கொக்கி வலப்பக்கம். இதயத்தின் நிழலும் வலப்பக்கம்.

கண்ணாடியின் வெளிப்பக்கம் முழுக்க வருடக்கணக்கில் படிந்த தூசி. அவள் முகத்தின் உயரத்துக்குச் சற்று மேலே மட்டும் ஒரு வட்டம் பளிச்சென்று இருந்தது. வெகுகாலம் யாரோ நெற்றியை அழுத்தி அந்தப் படத்தையே பார்த்திருந்த வட்டம்.

இந்தச் சந்துக்கு யாரும் வருவதில்லை.

பின்வாசல் சும்மா சாத்தியிருந்தது. உள்ளே அவர் மல்லாந்து படுத்திருந்தார். கண் மூடியிருந்தது. இந்த நான்கு மாதமும் சுவரைப் பார்த்துத்தான் படுப்பார். அவள் அவர் முதுகில் ஒரு கையை வைத்தபடி தூங்குவாள், எழுந்து போனால் தெரிவதற்காக.

கட்டில் ஓரம் உட்கார்ந்தாள். அவருடைய இடது கழுத்தைத் தொட்டாள். வழுவழுவென்று இருந்தது. விரல் தொண்டையைத் தாண்டியது. வலப்பக்கம். தோலுக்குக் கீழே கெட்டியாக ஒன்று. நுனியில் வளைவு.

உள்ளங்கையை அவர் மார்பில் வைத்தாள். இடம், துடிப்பில்லை. வலம், துடித்தது.

டாக்டரிடம் படத்தைக் கொடுத்துவிட வேண்டும். இப்போதே. கிணற்றில் கிடந்தவருக்கு அதையாவது செய்ய வேண்டும். அப்புறம் இந்தக் கட்டில். இந்த வீடு. ஒற்றைத் தட்டு.

"என்ன தேடுற?"

கண் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அவருடைய குரலேதான்.

அவள் உள்ளங்கை அவர் மார்பிலேயே இருந்தது.

"தப்பா இருக்கா?" கோபமே இல்லை. புதுச் சட்டை அளவு சரியா என்று கேட்பதுபோல ஒரு தயக்கம். "எந்தப் பக்கம்னு சொல்லு. மாத்திக்கிறேன்."

எழுந்து ஓடிவிடலாம். பின்வாசல் திறந்துதான் கிடந்தது. சந்தில் குழாய் சொட்டியது. ஒன்று. இன்னொன்று.

அவள் கை மெல்ல எழுந்தது. விரல் அவருடைய இடது கழுத்தைத் தொட்டது.

"இங்க," என்றாள்.

மார்பில் இருந்த மற்ற உள்ளங்கைக்குக் கீழே துடிப்பு ஒரு கணம் நின்றது. பிறகு நகரத் தொடங்கியது. ஒரு விலா தாண்டித் துடித்தது. நின்றது. இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் வந்து துடித்தது.