இரண்டு விரல் இடைவெளி

முந்தின நாள் மாலை வெட்டிவிட்ட இடைவெளி காலையில் இல்லை.

தையல்காரி மாடியறைச் சன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தாள். பார்த்ததை நம்பாமல், மூக்குக் கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். சன்னலுக்குக் கீழே சமையலறையின் சாய்ந்த கூரை புதுத் தகடுகளோடு பளபளத்தது. அந்தக் கூரை மாடியறையின் பலகைச் சுவரில் வந்து முட்டுகிற இடத்தில், பலகைகளின் அடிப்பகுதியை இரண்டு விரல் உயரத்துக்கு வெட்டி நீக்கிவிட்டதாகக் கூரைக்காரர் சொல்லிச் சென்றிருந்தார். இப்போதோ பலகைகள் தகட்டின்மேல் நகம் நுழையவும் இடமின்றி உட்கார்ந்திருந்தன.

அவளுக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது. செய்யாத வேலையைச் செய்ததாகச் சொல்பவர்களை அவள் எந்நாளும் மன்னித்ததில்லை. அதுவும் இந்த வேலையில்! வீடு அவளுக்கும் அவள் அண்ணனுக்கும் சித்தி விட்டுச்சென்றது. ஒழுகுகிற வீட்டை விற்றுத் தலைமுழுக வேண்டும் என்பது அண்ணன் கட்சி. இந்த மழைக்கு மாடியறைச் சுவரில் ஈரம் ஏறாவிட்டால் வீடு அவளுக்கு, ஏறினால் விற்பனைக்கு. அப்படித்தான் பேசி முடித்திருந்தார்கள். மழையோ மேற்கே கறுத்துத் திரண்டு நின்றது.

கூரைக்காரர் வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டாள்.

"வெட்டாமலே வெட்டினேன்னு சொல்லிட்டுப் போயிருக்கீங்களே, நான் என்ன கண்ணு தெரியாதவளா?"

"அக்கா, பார்த்துப் பேசுங்க. வெட்டினது அதோ கீழே கிடக்கு பாருங்க."

கிடந்தது. சுவரின் நீளத்துக்கு, இரண்டு விரல் அகலத்தில், பழைய சாயம் ஒருபுறமும் புது வெட்டின் மஞ்சள் மறுபுறமுமாக மரத்துண்டுகள் வரிசையாகக் கிடந்தன. 

"மரம் ஈரத்துல ஊதியிருக்கும்க்கா."

"ஒரே ராத்திரியில இவ்வளவு ஊதுறதுக்கு அது மரமா, புளிச்ச மாவா?"

அவர் சிரித்தார், ஆனால் கண் சிரிக்கவில்லை. மறுபடியும் வெட்டலானார். தன் தையல் சுண்ணக்கட்டியால் அவளே கோடு போட்டுக் கொடுத்தாள். இடைவெளி எதற்கென்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தரையில் புரள்கிற பாவாடை விளிம்பு தண்ணீரை உறிஞ்சி மேலேற்றுவதைப்போல, கூரையைத் தொடுகிற பலகையும் உறிஞ்சும். மின்ரம்பத்தின் தகட்டைப் பலகையின் கனத்துக்கு மட்டுமே இறக்கி வைத்திருந்தார் அவர்.

"இதுக்கு மேல ஒரு நூல் இறங்கினாலும் பின்னாடி மடிச்சு வெச்ச தகரம் கிழிஞ்சுடும்க்கா. அப்புறம் தண்ணி நேரா உங்க மிஷின் மேலதான்."

வெட்டி முடித்ததும் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்து இடைவெளிக்குள் நுழைத்து, சுவர் நெடுகத் தேய்த்துக்கொண்டே போனார். அதுதான் அவருடைய அளவுகோல். பாதி தூரத்தில் நின்றார். கையை இழுத்தார். அது வரவில்லை. ஒரு காலைச் சுவரில் ஊன்றி, முகம் சுளித்து, வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். இரண்டு விரல்களையும் மற்றக் கையால் மூடிக்கொண்டு அவள் முகத்தைப் பார்க்காமலே எழுந்தார்.

"என்ன தம்பி, ஆணி குத்திடுச்சா?"

"இடுப்பு பிடிச்சுக்கிச்சு. ரம்பம் இங்கயே இருக்கட்டும். அப்புறமா வரேன்."

"இடுப்புக்கு எதுக்கு விரலைப் பிடிச்சிருக்கீங்க?"

ஏணியில் அவர் இறங்கிய வேகத்தில் ஒரு செருப்பு கூரையிலேயே தங்கிவிட்டது. அதற்காகவும் அவர் திரும்பவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் அவள் மாடியறையில் உட்கார்ந்து ஒரு சட்டைக்குக் கை தைத்துக்கொண்டிருந்தாள். தையலை நிறுத்தியபோதெல்லாம் சுவருக்குள்ளிருந்து ஓர் ஓசை கேட்டது. மேசை விளிம்பில் கனத்த துணியொன்றை மெல்ல மெல்ல இழுப்பதைப்போலவும், இழுக்கிறவர் நடுநடுவே நிறுத்தி மூச்சு வாங்குவதைப்போலவும். ஆணிகள் முனகின. சுவரடியில் சாந்து உப்பிய இடத்திலிருந்து ஒரு வாடை வந்தது. மக்கிய மரத்தின் வாடையன்று. அடைத்த அறையில் பலர் படுத்து உறங்கி எழுந்தாற்போன்ற, வெதுவெதுப்பான, மனித வாடை.

அப்போது அண்ணன் தொலைபேசியில் அழைத்தார்.

"கூரை முடிஞ்சுதா? முடியலன்னா சொல்லிடும்மா, வீம்பு பண்ணாதே. நாளைக்கே ஆள் கூட்டிட்டு வந்து வீட்டைக் காட்டிடுறேன்."

"எல்லாம் முடிஞ்சுது. நீ யாரையும் கூட்டிட்டு வர வேண்டாம்."

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"என் குரல் எப்பவும் இப்படித்தாண்ணா இருக்கு. நீதான் எப்பவும் கேட்டதில்லை."

தொலைபேசியை வைத்துவிட்டுச் சன்னல் வழியாகக் கூரையில் இறங்கினாள். இடைவெளி ஒரு விரலுக்குக் குறுகியிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பலகைகள் இன்னும் ஒரு நூல் இறங்கின.

ஓடிவிடலாம் என்று கால்கள் சொன்னன. அவள் கால்களின் பேச்சைக் கேட்கவில்லை. ஊரார் சட்டைக்கெல்லாம் பொத்தான் தைத்துத் தைத்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டது, யாரோ ஒருவர் வீட்டைவிட்டுத் தள்ளியதும் எழுந்து போவதற்காகவா? மின்கம்பியைச் சன்னல் வழியே இழுத்துச் செருகினாள். சுண்ணக்கட்டியை எடுத்துப் புதுக்கோடு போட்டாள். கோடு சிறிதும் கோணவில்லை.

ரம்பம் அலறியது. மரத்தூள் முகத்தில் அடித்தது. துண்டு துண்டாக விழுந்தது மரம். சுவரின் மறுகோடிவரை வெட்டி நிறுத்தினாள்.

அமைதி.

அந்த அமைதிக்குள், பலகைகளுக்குப் பின்னாலிருந்து, அழப்போகிற குழந்தையை அடக்குவதைப்போல ஒரு குரல்:

"உஷ்ஷ்..."

அவள் கைவிளக்கை ஏற்றினாள்.

இடைவெளியின் இருட்டிலிருந்து விரல்கள் வந்தன. முதலில் இரண்டு. பிறகு நான்கு. பிறகு சுவர் நெடுக. வெளுத்து, ஊறி, நகங்களில் பழைய சாயம் படிந்தவை. வெட்டிய பலகையின் விளிம்பைக் கொக்கிபோல் வளைந்து பற்றின. எல்லாம் ஒரேசமயத்தில் கீழ்நோக்கி இழுத்தன. பலகை இறங்கியது. பெரிய விரல்கள் இருந்தன. முதிர்ந்து கோணியவை இருந்தன. கூரைத் தகட்டோரமாக, எட்டாமல் எட்டிப் பிடித்தபடி, மிகச் சிறியவையும் இருந்தன.

எல்லாம் நடுங்கின.

தாழ்ப்பாள் இல்லாத கதவை ஒரு குடும்பமே உள்ளிருந்து பிடித்துக்கொண்டிருந்தது. வெளியே நிற்கும் அந்நியர் தான்தான் என்பது அவளுக்குப் புரிந்தது.

முதல் துளி மழை அவள் புறங்கையில் விழுந்தது.

"விடுங்க," என்றாள். "இது என் வீடு."

விரல்கள் இன்னும் இறுகின.

சுண்ணக்கட்டியை எடுத்தாள். மறுபடியும் கோடு போட்டாள். மரத்தின்மேல் வெள்ளையாக ஓடிய கோடு, விரல்களின்மேலும் ஏறி இறங்கி ஓடியது. அந்த விரல்கள் குளிர்ந்திருந்தன. கூசின. நகரவில்லை.

அவள் ரம்பத்தை முடுக்கினாள். அவள் கை நடுங்கவில்லை. சுழலும் தகடு கோட்டை நோக்கி இறங்கியது.

ஒரு விரலும் விலகவில்லை.